தொழுவத்தில் இறைச்சிப் புறா

உழவு மாடுகள் குறைந்தபடியால் பல ஊர்களில் தொழுவங்கள் வெறுமனே கிடக்கின்றன. கூரை ஒழுகாமலும் தரை ஈரமின்றியும் இருப்பின், அவற்றில் இறைச்சிக்காகப் புறா வளர்க்கலாம். எலி, பூனை, பாம்பு நுழையும் சந்துகளை அடைத்து, சாளரங்களுக்குக் கம்பி வலை அடித்த பின்னரே பறவைகளை வாங்குதல் வேண்டும்.

தலையை எண்ணி வாங்காமல் ஜோடியை எண்ணி வாங்குமாறு வற்புறுத்துகிறோம். புறாக்களில் ஆண் பெண் வேற்றுமையைத் தோற்றத்தால் அறிவது எளிதன்று. துணையற்ற ஆண் ஒன்று புகுந்துவிட்டால், பிற கூடுகளில் சண்டையிட்டு முட்டைகளைப் பாழாக்கும். ஆகவே, முன்னரே இணைந்து குஞ்சு பொரித்த ஐந்தாறு ஜோடிகள் தொடக்கத்திற்குப் போதும். அவற்றை வலைக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும். திறந்துவிட்டால் விற்றவர் வீட்டிற்கே பறந்துவிடும். கொடுத்த பணமோ திரும்பாது!

ஜோடி ஒன்றுக்கு மண்சட்டிகள் இரண்டு தேவை. ஒன்றில் குஞ்சுகள் இருக்கும்போதே தாய் மற்றொன்றில் முட்டையிடும். இரண்டு முட்டைகளும் சுமார் 18 நாட்களில் பொரியும். தாயும் தந்தையும் தம் தீனிப்பையில் ஊறும் பாலை ஊட்டுவதால் குஞ்சுகளுக்குத் தனித் தீவனம் வேண்டுவதில்லை. பெரிய புறாக்களுக்குக் கம்பு, சோளம், பயறு, கிளிஞ்சல் தூள், தூய நீர் ஆகியவற்றைக் குறைவின்றி வைக்க வேண்டும். ஏறத்தாழ 28ஆம் நாளில், பறக்கத் தொடங்குமுன்பே குஞ்சுகளை விற்றுவிட வேண்டும். பறந்தபின் இறைச்சி கடினமாகிவிடும்.