சீனி போடாத பழ பிஸ்கட்: லயத்து அடுப்பிலேயே சுடலாம்



காலையில் பெரட்டுக்குப் போகும் முன் ஒரு தேத்தண்ணி. பத்து மணிக்கு மலையில் ஒன்று. பகல் சாப்பாட்டோடு ஒன்று. கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்ததும் ஒன்று. இரவில் ஒன்று. இப்படி ஐந்து தேத்தண்ணி குடிப்பது நம் தோட்டங்களில் சாதாரணம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு தேக்கரண்டி சீனி என்றால் பத்துக் கரண்டி ஆகிறது. மட்டமாக அள்ளிய ஒரு தேக்கரண்டியில் ஏறக்குறைய 4 கிராம் சீனி இருக்கும். ஆகவே தேத்தண்ணியில் மட்டும் 40 கிராம். குவித்து அள்ளும் கைக்கு இன்னும் கூடும்.

வளர்ந்த ஒருவர் இப்படிச் சேர்க்கும் சீனி நாளொன்றுக்கு 50 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2015 இல் ஆலோசனை கூறியது. 25 கிராமுக்குள், அதாவது 6 கரண்டிக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்றும் சொன்னது. நாம் தேத்தண்ணியிலேயே அந்த எல்லைக்குக் கிட்டே போய்விடுகிறோம். அதோடு தொட்டுக்கொள்கிற பிஸ்கட்டும் பணிசும் கணக்கில் வரவே இல்லை.

அதனால்தான் இந்த இதழில் சீனி போடாமல் வாழைப்பழமும் பேரீச்சம்பழமும் சேர்த்து பிஸ்கட் சுடும் முறையைப் பாடமாகத் தருகிறோம். போறணை வேண்டாம், கரண்டும் வேண்டாம். நம் விறகு அடுப்பே போதும்.

பிள்ளைகளுக்கு ஏன் இது முக்கியம்?

பிள்ளைக் காம்பிராவுக்கு வரும் குழந்தையின் கையில் அநேகமாக ஒரு பிஸ்கட் பக்கட் இருக்கும். அம்மாவுக்குக் காலையில் நேரம் கிடையாது. பிள்ளை அழாமல் இருக்க வேண்டும். கடையில் கடனுக்கும் கிடைக்கிறது. தாயைக் குறை சொல்லி என்ன பயன்? ஆனால் அந்த இனிப்பு பிஸ்கட்டால் வயிறு நிறைந்த பிள்ளை, பத்து மணிக்குக் கொடுக்கும் சோற்றையும் பருப்பையும் தள்ளிவிடுகிறது. வயிறு நிறைகிறது, உடம்பு வளர்வதில்லை.

2016 ஆம் ஆண்டு அரசாங்கம் நடத்திய குடித்தொகை சுகாதாரக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 100க்கு 17 பேர். தோட்டப்புறத்தில் மட்டும் 100க்கு 32 பேர். இதற்கு பிஸ்கட் ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. தாயின் சத்துக்குறைவு, வருமானம், சுத்தமான தண்ணீர் என்று பல காரணங்கள் உண்டு. ஆனால் பிள்ளையின் சின்ன வயிற்றில் எதைப் போடுகிறோம் என்பது நம் கையில் இருக்கிற காரியம். பல்லில் சொத்தை வருவதற்கும் அடிக்கடி தின்னும் இனிப்புத்தான் பெரிய காரணம்.

பிஸ்கட்டில் சீனி என்ன வேலை செய்கிறது?

இதைத் தெரிந்துகொண்டால்தான் சீனியை எடுத்த பிறகு என்ன மாறும் என்று புரியும். சீனி இனிப்பை மட்டும் தருவதில்லை. சூட்டில் உருகி, ஆறும்போது இறுகி, பிஸ்கட்டை மொறுமொறுப்பாக்குகிறது. பொன்னிறம் கொடுக்கிறது. ஈரத்தைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்வதால் பூஞ்சணம் சீக்கிரம் பிடிக்காமல் காக்கிறது.

ஆகவே சீனி போடாத பிஸ்கட் கடை பிஸ்கட் மாதிரி "டக்" என்று உடையாது. வெளியே கொஞ்சம் கடினமாகவும் உள்ளே மெதுவாகவும் இருக்கும். இரண்டு மூன்று நாளுக்கு மேல் வைக்கவும் முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கடை பிஸ்கட்டை நினைத்துக்கொண்டு கடித்தால் ஏமாற்றமாக இருக்கும். பழ ரொட்டி என்று நினைத்துச் சாப்பிடுங்கள், பிடித்துவிடும்.

"ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை" என்பார்கள். நமக்கு வாழைப்பழம் சர்க்கரை. வாழைக்காயில் இருப்பது மாப்பொருள். பழுக்கப் பழுக்க அது இனிப்பாக மாறுகிறது. தோலில் கறுப்புப் புள்ளி விழுந்த பழத்தில்தான் இனிப்பு அதிகம். கடைக்காரர் ஒதுக்கி வைத்து விலை குறைத்துக் கொடுக்கும் பழம்தான் இதற்குத் தோதானது. அழுகினது, புளித்த வாடை அடிக்கிறது மட்டும் வேண்டாம்.

தேவையான சாமான்கள் (20 பிஸ்கட்டுக்கு)

1. குரக்கன் மா – 100 கிராம்
2. கோதுமை மா – 100 கிராம் (ஆட்டா மா கிடைத்தால் இன்னும் நல்லது)
3. நன்றாகப் பழுத்த வாழைப்பழம் – தோல் நீக்கி 150 கிராம் (பெரிதானால் 2, சின்னதானால் 3)
4. பேரீச்சம்பழம் – 50 கிராம் (விதை நீக்கி, 6 அல்லது 7)
5. துருவிய தேங்காய்ப்பூ – 50 கிராம்
6. தேங்காய் எண்ணெய் – 3 மேசைக்கரண்டி
7. பேக்கிங் பவுடர் – 1 தேக்கரண்டி
8. கறுவாத் தூள் – அரைத் தேக்கரண்டி
9. உப்பு – ஒரு சிட்டிகை

குரக்கன் வேறொன்றுமில்லை, நம் பாட்டிமார் கேழ்வரகு என்று சொன்ன அதே தானியம்தான். 100 கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் இருக்கிறது. வெள்ளைக் கோதுமை மாவில் இருப்பது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. எலும்புக்கும் பல்லுக்கும் கல்சியம் வேண்டும். முழுக்கக் குரக்கனாகப் போட்டால் பிஸ்கட் உதிர்ந்துவிடும். அதைச் சேர்த்துப் பிடிக்கத்தான் பாதிக்குக் கோதுமை மா.

செய்முறை

1. பேரீச்சம்பழத்தைப் பொடியாக நறுக்கி, இரண்டு மேசைக்கரண்டி சுடுதண்ணியில் கால் மணி நேரம் ஊற வையுங்கள்.

2. குரக்கன் மாவை வெறும் சட்டியில் இளஞ்சூட்டில் வாசம் வரும்வரை வறுத்து ஆற விடுங்கள். பச்சை வாடை போய்விடும்.

3. வாழைப்பழத்தைக் கையால் கட்டியில்லாமல் பிசையுங்கள். ஊறின பேரீச்சம்பழத்தை அந்தத் தண்ணியோடு சேர்த்து நசுக்குங்கள். தேங்காய் எண்ணெயை ஊற்றிக் கலக்குங்கள்.

4. இரண்டு மாவையும் பேக்கிங் பவுடர், கறுவாத் தூள், உப்புடன் அரித்தெடுத்து, தேங்காய்ப்பூவும் சேர்த்து, பழக் கலவையில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுப் பிசையுங்கள். ரொட்டி மா பதம் வர வேண்டும். தண்ணீர் ஊற்ற அவசரப்படாதீர்கள். பழத்தின் ஈரமே அநேகமாகப் போதும். கையில் ஒட்டினால் ஒரு கரண்டி மா தூவுங்கள்.

5. 20 உருண்டையாகப் பிரித்து, எண்ணெய் தடவிய கையால் அரை விரற்கடை கனத்துக்குத் தட்டுங்கள். கனம் கூடினால் நடுவில் வேகாது.

அடுப்பில் சுடும் விதம்

கனமான பழைய சட்டி ஒன்றின் அடியில் ஓர் அங்குல உயரத்துக்குக் கழுவிக் காய்ந்த மணலைப் பரப்புங்கள். அதன் மேல் மூன்று சிறு கற்களை வையுங்கள். மூடி, அடுப்பில் பத்து நிமிடம் சூடாக்குங்கள். பிறகு எண்ணெய் தடவிய அலுமினியத் தட்டில் பிஸ்கட்டுகளை அடுக்கி, கற்களின் மேல் வைத்து மூடுங்கள். இரும்பு மூடியாக இருந்தால் அதன் மேல் கொஞ்சம் தணலைப் பரப்புங்கள். மேலும் கீழும் சூடு பட்டால்தான் ஒரே சீராக வேகும்.

கீழே நெருப்பு கொழுந்துவிட்டு எரியக்கூடாது. கவ்வாத்து மிலார் சீக்கிரம் பற்றி சீக்கிரம் அணைந்துவிடும். அடுப்புப் பற்ற வைக்க அது சரி, பிஸ்கட் சுடக் கட்டை விறகின் தணல்தான் வேண்டும். 20 முதல் 25 நிமிடத்தில் வெந்துவிடும். பாதி நேரத்தில் தட்டை ஒரு தடவை திருப்பி வையுங்கள். குரக்கன் ஏற்கெனவே கறுப்பு நிறம் என்பதால் நிறத்தைப் பார்த்து வெந்ததா என்று சொல்ல முடியாது. ஓர் ஈர்க்கைக் குத்திப் பாருங்கள். மா ஒட்டாமல் வந்தால் இறக்கலாம்.

காஸ் அடுப்பு உள்ளவர்கள் தோசைக்கல்லில் மெல்லியதாகத் தட்டிப் போட்டு, மூடி, மிகக் குறைந்த சூட்டில் பக்கத்துக்கு 6 அல்லது 7 நிமிடம் சுடலாம்.

கவனம்: கதவும் ஜன்னலும் மூடிய காம்பிராவுக்குள் தணல் வைக்க வேண்டாம். அதிலிருந்து வரும் நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆளைக் கொல்லும். மூடியைத் தூக்கும்போது சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் இருக்கக்கூடாது. பெயின்ட் டின், துத்தநாகத் தகடு இவற்றைச் சமையலுக்கு எடுக்காதீர்கள்.

நன்றாக ஆறின பிறகு மூடியுள்ள டின்னில் போடுங்கள். சூட்டோடு போட்டால் வியர்த்துப் பூத்துவிடும். நம் மலைநாட்டு ஈரக் காற்றில் இரண்டு மூன்று நாள்தான் தாங்கும். மறுநாள் தோசைக்கல்லில் ஒரு நிமிடம் வாட்டிக் கொடுத்தால் புதிது மாதிரி இருக்கும்.

கேட்கப்படும் கேள்விகள்

"சீனிக்குப் பதிலாகக் கருப்பட்டி போட்டால் என்ன ஐயா?" இதைத்தான் பெண்கள் முதலில் கேட்கிறார்கள். கித்துள் கருப்பட்டி, பாணி, தேன் எல்லாம் ருசியில் வேறு. ஆனால் இரத்தத்தில் சீனியை ஏற்றுவதில் ஏறக்குறைய சீனி மாதிரியேதான். "கருப்பட்டி நல்லதுதானே" என்று கூட்டிப் போட்டால் லாபம் ஒன்றுமில்லை. ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது.

"பழத்திலும் இனிப்பு இருக்கிறதே?" இருக்கிறது. கணக்குப் பார்ப்போம். 150 கிராம் வாழைப்பழத்தில் ஏறக்குறைய 18 கிராம், 50 கிராம் பேரீச்சம்பழத்தில் ஏறக்குறைய 32 கிராம். மொத்தம் 50 கிராம். 20 பிஸ்கட்டுக்குப் பிரித்தால் ஒன்றுக்கு இரண்டரைக் கிராம். இதே அளவு மாவுக்கு 100 கிராம் சீனி போட்டுச் சுட்டால் ஒன்றுக்கு 5 கிராம். பாதியாகக் குறைகிறது. அதோடு பழத்தின் நாரும் சத்தும் சேருகிறது. பேரீச்சம்பழத்தை விட்டுவிட்டு வாழைப்பழம் மட்டும் போட்டால் ஒன்றுக்கு ஒரு கிராமுக்கும் குறைவு.

"அப்படியானால் சீனி வியாதிக்காரர் எவ்வளவும் சாப்பிடலாமா?" கூடாது. இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். குரக்கனும் மாதான், கோதுமையும் மாதான். வயிற்றுக்குள் போனால் மாவும் சீனியாக மாறுகிறது. சீனி வியாதி உள்ளவர் பேரீச்சம்பழம் போடாததில் ஒன்று அல்லது இரண்டு, அதுவும் வேறொரு தின்பண்டத்துக்குப் பதிலாக எடுக்கலாம். இது மருந்து அல்ல. இதைச் சாப்பிடுகிறோம் என்று குளிசையை நிறுத்தினால் கண், சிறுநீரகம், கால் மூன்றுக்கும் ஆபத்து. அடிக்கடி தாகம், இரவில் பல முறை சிறுநீர், ஆறாத புண் இருந்தால் நாள் கடத்தாமல் அரசாங்க ஆஸ்பத்திரியில் சீனி பார்த்துக்கொள்ளுங்கள். அரை நாள் பேர் போகும் என்று பயந்து இருந்தால், பிறகு ஒரு காலே போகலாம்.

"சின்னப் பிள்ளைக்கு எத்தனை?" சோறு சாப்பிட்ட பிறகு ஒன்று. சோற்றுக்குப் பதிலாக அல்ல. பேரீச்சம்பழம் பல்லில் ஒட்டும், ஆகவே வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையின் சாப்பாட்டில் சீனி சேர்க்கவே தேவையில்லை. அதன் நாக்குக்கு நாம் பழக்குவதுதான் ருசி.

மனதில் வைக்க வேண்டியவை

1. இந்த பிஸ்கட்டைத் தின்றுவிட்டு இரண்டு கரண்டி சீனி போட்ட தேத்தண்ணி குடித்தால், எடுத்ததைத் திரும்பப் போட்ட மாதிரிதான். பிஸ்கட்டின் இனிப்போடு வெறும் சாயத்தண்ணி குடித்துப் பழகுங்கள்.

2. திடீரென்று எல்லாச் சீனியையும் நிறுத்த முடியாவிட்டால், கிழமைக்கு அரைக் கரண்டி குறையுங்கள். ஒரு மாதத்தில் இரண்டு கரண்டி குறைந்துவிடும், நாக்கும் பழகிவிடும்.

3. கடையில் பக்கட் வாங்கினால் பின்பக்கத்தில் உள்ள சேர்மானப் பட்டியலைப் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லுங்கள். எது அதிகமோ அது முதலில் வரும். சீனி இரண்டாவது பெயராக இருந்தால் யோசியுங்கள்.

4. மென்பானப் போத்தல்களில் 2016 முதல் சீனியின் அளவைக் காட்டும் நிற அடையாளம் உண்டு. சிவப்பு என்றால் சீனி அதிகம்.

ஒரு வீட்டில் தனியாகச் சுடுவதைவிட, ஞாயிற்றுக்கிழமை நாலு வீட்டுத் தாய்மார் சேர்ந்து ஒரே அடுப்பில் சுட்டுப் பங்கிட்டுக்கொண்டால் விறகும் மிச்சம், நேரமும் மிச்சம். திங்கட்கிழமை பிள்ளைக் காம்பிராவுக்குப் பிள்ளையோடு பக்கட்டுக்குப் பதிலாக இந்த பிஸ்கட் ஒன்றைக் கொடுத்து அனுப்புங்கள். சோறு சாப்பிட்ட பிறகு கொடுக்கும்படி பிள்ளை பார்க்கும் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.