கும்மிடிப்பூண்டிப் புகை எந்தப் பக்கம் சாய்கிறது?

ஜூன், ஜூலையில் வடக்கிலிருந்து மதிய நேரத்தில் சென்னைக்கு இறங்கும்போது, காக்பிட் ஜன்னல் வழியாகக் கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிடுவேன். இரும்பு ஆலைகளின் புகை கடலை நோக்கிப் போனால் மேல்காற்று. மீனம்பாக்கத்தில் ரன்வே 25, கடல் பக்கமிருந்து இறங்க வேண்டும். அதே நேரம் எண்ணூர் பக்கத்து அனல்மின் நிலையங்களின் புகை ஊர்ப்பக்கம் திரும்பியிருந்தால், கடற்காற்று கரையேறிவிட்டது என்று அர்த்தம். விமான நிலையத் தகவல் சொல்லும் ஏடிஸ் பதிவு இன்னும் 25 என்றே சொல்லிக்கொண்டிருக்கும். ஆனால் சற்று நேரத்தில் அப்ரோச் கன்ட்ரோலர் ‘ரன்வே 07’ என்பார், அதாவது அதே ரன்வேயில் எதிர்ப்பக்கமிருந்து. காற்று திரும்பினால் அவருக்கும் வேறு வழியில்லை.

இதில் என்ன கஷ்டம் என்று கேட்கலாம். திருவள்ளூருக்கு மேலே வந்துகொண்டிருக்கிறோம் என்று வையுங்கள். 25-க்குப் போவதென்றால் நகரத்தைத் தாண்டிக் கடலுக்கு மேல் போய்த் திரும்ப வேண்டும். தாராளமாக 40 கடல் மைல் பாதை. 07 என்றால் செம்பரம்பாக்கம் ஏரிக்குத் தெற்கே ஃபைனலில், அதாவது ரன்வேக்கு நேரான கடைசிப் பாதையில், சேர்ந்துவிடலாம்; 25 மைல்கூட வராது. ஒரே வாக்கியத்தில் 15 மைல் கைவிட்டுப் போய்விடுகிறது. ஆயிரம் அடி இறங்க 3 மைல் என்பது எங்கள் வாய்க்கணக்கு. அப்படியானால் சரியான உயரத்தில் வந்துகொண்டிருந்த விமானம் திடீரென்று 5,000 அடி கூடுதல் உயரத்தில் நிற்கிறது. வேகத்தையும் குறைத்தாக வேண்டும். ஜெட் விமானத்தில் இறங்குவது, வேகம் குறைப்பது இரண்டும் ஒன்றாக நடப்பது லேசில்லை.

அதனால் புது ரன்வே காதில் விழுந்ததும் கம்ப்யூட்டரில் கை வைக்காதீர்கள். முதல் கேள்வி: இன்னும் எத்தனை மைல்? கன்ட்ரோலரையே கேளுங்கள், சொல்லிவிடுவார். மைல் போதும் என்று தெரிந்த பிறகுதான் மற்றதெல்லாம். ஒருவர் விமானத்தை ஓட்ட, மற்றவர் மட்டும் தட்டச்சு செய்யட்டும். இரண்டு தலையும் குனியக் கூடாது. 1995 டிசம்பரில் கொலம்பியாவின் காலி நகரில் நடந்ததை ஒவ்வொரு விமானியும் படித்திருப்பார். நேராக வேறு ரன்வேயில் இறங்குகிறீர்களா என்று கன்ட்ரோலர் கேட்டார், விமானிகள் சரி என்றார்கள். அவசரத்தில் கம்ப்யூட்டரில் தவறான புள்ளியைத் தேர்ந்தெடுக்க, விமானம் மலைப்பக்கம் திரும்பியது. 159 பேர் இறந்தார்கள்.

சென்னையைப் பொறுத்தவரை இந்த அவசரமே தேவையில்லை. இறங்கத் தொடங்கும் முன்பே இரண்டு ரன்வேக்கும் பிரீஃபிங் முடித்து, 07-ஐ ஏர்பஸ் கம்ப்யூட்டரின் செகண்டரி பிளானில் போட்டு வைத்துவிடலாம். மாற்றம் வந்தால் நான்கு விஷயத்தை மட்டும் வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்க்கிறோம்: ரன்வே, ரன்வேக்கு வழிகாட்டும் ஐஎல்எஸ் அலைவரிசை, மினிமம் (ரன்வே தெரியாவிட்டால் அதற்குக் கீழே இறங்கக் கூடாத உயரம்), கோ-அரவுண்ட் செய்தால் (இறங்காமல் மீண்டும் மேலேறினால்) ஏற வேண்டிய உயரம். கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

மைல் போதவில்லையா? ‘அன்ஏபிள்’ (முடியாது) என்று சொல்லுங்கள். கூடவே என்ன வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்: ‘இன்னும் பத்து மைல் வேண்டும்’. கன்ட்ரோலருக்கு உங்கள் உயரம் திரையில் ஓர் எண். உங்கள் விமானத்தால் எவ்வளவு வேகமாக இறங்க முடியும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார், வடக்கே ஒரு சுற்று சுற்றவைப்பார். ஐந்து நிமிடம் போகும், அவ்வளவே.

ரன்வே மாற்றம் கட்டளையாக வருவதைவிட, கேள்வியாக வருவதுதான் எனக்கு அதிக பயம். 2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில் மழையில் ரன்வே 28-இல் இறங்க முயன்று மேலேறிய விமானத்திடம், 10 வேண்டுமா என்று கேட்கப்பட்டது. புறப்படக் காத்திருந்த இன்னொரு விமானம் 10-ஐக் கேட்டிருந்தது. இறங்க வந்த விமானிகள் ஒப்புக்கொண்டார்கள். பின்காற்றில், 8,858 அடி ரன்வேயில் 4,438 அடி தாண்டித்தான் சக்கரம் தரையைத் தொட்டது. 21 உயிர்கள் போயின. உதவியாக நீட்டப்படும் வாய்ப்பை மறுக்க மனசு வராது. அங்கேதான் காற்றின் திசையையும் வேகத்தையும் நிதானமாகக் கணக்குப் போட வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. 2010 மே மாதம் மங்களூரில், ரேடார் பழுதால் இறக்கம் தாமதமாகி, விமானம் மிக உயரத்தில் ஃபைனலுக்கு வந்தது. கோ-பைலட் மூன்று முறை கோ-அரவுண்ட் செய்யச் சொன்னார், கேப்டன் கேட்கவில்லை. 158 பேர் இறந்தார்கள். அங்கே கோ-பைலட் வாயையாவது திறந்தார். நம் ஊரில் பெரியவர் ஒரு முடிவைச் சொல்லிவிட்டால் சின்னவர் தலையாட்டிவிடுவது வழக்கம், காக்பிட்டிலும் அதுதான். அதனால் ரன்வே மாறினால் நான் முதலில் கருத்துச் சொல்வதில்லை. ‘என்ன தம்பி, இறங்கிடலாமா?’ என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்கிறேன். ‘மைல் பத்தாது சார்’ என்றால், அதை அப்படியே அப்ரோச்சுக்குச் சொல்லச் சொல்வேன். நான் ஓட்டும்போது ரேடியோ அவர் பொறுப்புதானே.