கம்பெனி விதிகள்: 'அடுத்து' அமுக்கினால் போதுமா?



பாலியல் தொந்தரவு தடுப்பு விதிகளை இப்போது சில பனியன் கம்பெனிகளில் செல்போன் வீடியோவாகத் தருகிறார்கள். வக்கீல் தமிழில் ஒரு குரல் வாசிக்கும். நம்மவர்கள் 'அடுத்து, அடுத்து' என்று அமுக்கிவிட்டு மிஷினுக்குத் திரும்பிவிடுகிறார்கள். பயிற்சி முடிந்ததாகக் கணக்கு!

இழப்பு நமக்குத்தான். 2013-ம் ஆண்டுச் சட்டப்படி, சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் வரை குழு நீட்டிக்கலாம். எழுத முடியாதவருக்குக் குழுவே எழுத உதவ வேண்டும். இது தெரியாமலே நாள் ஓடிவிடும்.

நாங்கள் சொல்லும் வழி இது. பத்துப் பேராகச் சேர்ந்து பாருங்கள். நடுவில் நிறுத்திக் கேளுங்கள்: "ஓவர்டைம் வேணும்னா என்கூட பைக்ல வான்னு சூப்பர்வைசர் சொன்னா, அது புகாரா இல்லையா?" ஆளுக்கொன்று சொல்வார்கள், சண்டைகூட வரும். வரட்டும்! அதற்குப் பிறகு விதியைச் சொன்னால் மனசுல நிக்கும். இந்தி, ஒடியா பேசும் பெண்களுக்கு அவர்கள் மொழியிலேயே கேட்டு வாங்குங்கள். பயிற்சி நடத்துவது முதலாளியின் சட்டக் கடமை, சலுகை அல்ல.

2022-ல் திண்டுக்கல் ஆயத்த ஆடை ஆலை ஒப்பந்தத்தில் தொழிலாளிப் பெண்களுக்கே பயிற்சி தந்து, தளத்தில் கண்காணிக்க வைத்தார்கள். பக்கத்து மிஷின்காரி சொன்னால் காது கொடுப்போம்தானே?

10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் உள் புகார் குழு கட்டாயம். குழு அமைத்த உத்தரவைக் கண்ணில் படும்படி ஒட்ட வேண்டும். 10 பேருக்குக் குறைவென்றால் மாவட்ட உள்ளூர் புகார் குழுவிடம் போகலாம். உங்கள் கம்பெனிக் குழுத் தலைவியின் பெயரை அடுத்த கூட்டத்துக்குள் விசாரித்து வாருங்கள்.