அட்வான்ஸ் காசு யாருடையது?

வீட்டைக் காலிசெய்து திறப்பைக் கொடுக்கும் நாளில் வரும் வாய்த்தர்க்கத்துக்கு வேர் ஒன்றுதான்: வாங்கிய அட்வான்ஸை வீட்டுக்காரர் தன் வருமானத்தோடு சேர்த்துச் செலவழித்துவிட்டார். என்னைக் கேட்டால், அது கடைசி நாள்வரை குடியிருப்பவரின் காசு. வீட்டுக்காரர் கையில் பொறுப்புக்கு இருக்கிறது, அவ்வளவே. ஆகவே ஒரு ரூபாய் கழிப்பதானாலும் காரணமும் பில்லும் காட்ட வேண்டியவர் அவர்தான்.

இலங்கையின் தெல்தோட்டை போன்ற மலைப்பக்கத்தில் சண்டை பெரும்பாலும் சுவரில் தொடங்கும். மழையும் பனிமூட்டமும் விடாத ஊர். அலுமாரிக்குப் பின்னால் சுவர் கறுத்துப் பூஞ்சணம் பிடிக்கும், ஜன்னல் பலகை ஊதும், தகரத்தின் ஆணித் துவாரத்தால் இறங்கிய நீர் சீலிங்கில் மஞ்சள் வட்டம் போடும். யார் குடியிருந்தாலும் இவை வரும். இதற்குப் பெயின்ட் காசு கழிப்பது நியாயமில்லை. உடைந்த கண்ணாடியும் பிடுங்கிய குழாயும் வேறு கணக்கு, அவற்றுக்கு இருந்தவர் கட்டத்தான் வேண்டும். இரண்டையும் பிரித்துக் காட்ட, குடிபுகும் நாளிலேயே அறை அறையாகப் படம் எடுத்து இருவரும் வைத்திருப்பதே வழி. கரண்ட் மீட்டரின் இலக்கமும் அதில் இருக்கட்டும்.

"கடைசி கரண்ட் பில் பிறகுதானே வரும்?" என்பார்கள். வரும். வெளியேறும் நாளில் மீட்டரைப் பார்த்து, அதற்கு மட்டும் ஒரு தொகையை நிறுத்திவிட்டு மிச்சத்தைக் கொடுக்கலாமே. "வாடகைக்காரர் மட்டும் ஒழுங்கா?" என்ற கேள்வியில் நியாயம் உண்டு. "அட்வான்ஸில கழிச்சிக்கோங்க" என்று கடைசி இரண்டு மாத வாடகையை நிறுத்துபவர், பிறகு உடைந்த கதவுக்குக் காசு இல்லாமல் போனால் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் இதற்கு மருந்து அட்வான்ஸைக் கூட்டுவது அல்ல. கனடாவின் ஒன்டாரியோவில் சேதத்துக்கென்று முன்பணம் வாங்கவே சட்டம் விடாது. கடைசி மாத வாடகையை மட்டும் வாங்கலாம், அதற்கும் வருடாவருடம் வட்டி கொடுக்க வேண்டும். அங்கே நம்மவர்கள் வீடு வாடகைக்கு விடாமலா இருக்கிறார்கள்? தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டுச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. வீடு காலியான ஒரு மாதத்துக்குள் திருப்பித் தரவும் சொல்கிறது. இங்கிலாந்தில் 2007 ஏப்ரல் முதல் அந்தக் காசு அங்கீகரிக்கப்பட்ட திட்டமொன்றின் பாதுகாப்பில் இருக்க வேண்டும்.

அட்வான்ஸைக் கூட்டக் கூடாது என்பதற்கு நமக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2022 செப்டம்பரில் கொழும்புப் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியது. 2021இல் கொடுத்த அட்வான்ஸ் 2023இல் சதம் குறையாமல் கைக்கு வந்திருந்தாலும், அதன் பெறுமதி பாதியளவுக்குக் கரைந்துதான் வந்தது. பெயின்ட் விலையும் ஏறியதே என்று வீட்டுக்காரர் சொல்லலாம். அது அவருடைய வீடு, பெயின்ட் அவருடைய சுவரில்தான் இருக்கப்போகிறது. பெரிய அட்வான்ஸ் என்பது வட்டியில்லாக் கடன்.

இலங்கையில் ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் எழுதப்பட வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டத்திலேயே இருக்கிறது. எழுதும்போது எவ்வளவு அட்வான்ஸ், எதற்குக் கழிக்கலாம், எத்தனை நாளில் திருப்பித் தருவது என்ற மூன்றையும் சேர்க்கச் சொல்லுங்கள். பற்றுச்சீட்டு வாங்காமல் காசைக் கொடுக்காதீர்கள்.