லாரோஷ் வாங்கிய திட்டு

அன்புள்ள கதிருக்கு,

ஸ்டிரிங்ஸுக்கு நீ எழுதிய பக்கங்களை மாஸ்டர் சிவப்பு மையில் அடித்துத் தள்ளிவிட்டார், நீ அவற்றைக் கிழித்துப் போடப்போகிறாய் என்று உன் அம்மா போனில் சொன்னாள். கொஞ்சம் பொறு. ரஷ்ய இசையமைப்பாளர் சைகோவ்ஸ்கியின் கதையைக் கேள்.

பத்து வயதில் அவரைப் பீட்டர்ஸ்பர்க்கில் சட்டப் பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். பதினாலு வயதில் தாய் காலராவில் போய்விட்டாள். 1859இல் நீதி அமைச்சகத்தில் குமாஸ்தா வேலை. மேலதிகாரி கையெழுத்திட்ட காகிதத்தைக் கொடுக்கப் போனவர், வழியில் யாரிடமோ பேச நின்றாராம். பேச்சு மும்முரத்தில் அதைத் துண்டு துண்டாகக் கிள்ளி வாயில் போட்டு மென்றுவிட்டார் என்று தம்பி மொதெஸ்த் எழுதியிருக்கிறார். (உன் ஆபீசில் இதைச் செய்துவைக்காதே.) அப்படியும் வேலையை உடனே உதறிவிடவில்லை. 1861இல் இசை வகுப்பில் சேர்ந்தவர், 1863இல்தான் ராஜினாமா செய்தார்.

1864 கோடை விடுமுறைக்கு ஓர் ஓவர்ச்சர் எழுதிவரச் சொல்லியிருந்தார்கள். ஆஸ்த்ரோவ்ஸ்கியின் 'புயல்' நாடகத்தை எடுத்துக்கொண்டார். ஆசிரியர் அந்தோன் ருபின்ஸ்டீனுக்கு வாத்தியக்குழு அடக்கமாக இருக்க வேண்டும். சிஷ்யனோ ஹார்ப், இங்கிலீஷ் ஹார்ன், டியூபா என்று ஆசைப்பட்டதையெல்லாம் சேர்த்தார். நேரில் நீட்டத் தைரியம் இல்லையோ என்னவோ, நண்பன் லாரோஷுக்குத் தபாலில் அனுப்பினார். திட்டு முழுவதையும் லாரோஷ்தான் வாங்கினான், பாவம்!

நான் அந்த ஓவர்ச்சரைப் பலமுறை கேட்டிருக்கிறேன். ஒட்டாத இடங்கள் இருக்கின்றன, புயல் வரும் இடத்தில் சத்தம் ஜாஸ்தி. ருபின்ஸ்டீனுக்குக் கோபம் வந்ததில் நியாயம் உண்டு. ஆனால் சைகோவ்ஸ்கி கோபித்துக்கொண்டு விலகவில்லை. அங்கேயே படித்து 1865இல் தேறினார். எழுதியதையும் எறியவில்லை. 1866இல் முதல் சிம்பொனி எழுதும்போது அதன் மெதுவான பகுதிக்கு இந்த ஓவர்ச்சரிலிருந்தே மெட்டை எடுத்துக்கொண்டார். 'புயல்' முழுதாக மேடையேறியது, அவர் இறந்த பிறகு, 1896இல்.

பிற்பாடு அவரும் ஒரு தடவை ஆத்திரப்பட்டார். 1868இல் எழுதிய 'ஃபேட்டம்' ஸ்கோரை அவரே அழித்துவிட்டார். வாத்தியக்காரர்களின் தாள்கள் மிஞ்சியிருந்ததால் பின்னால் வந்தவர்கள் அதை மீட்டெடுத்தார்கள். உன் பக்கங்களுக்கு வேறு பிரதி உண்டா?

மாஸ்டர் சொன்ன திருத்தங்களைத் தனித்தாளில் புதிதாக எழுதிக் காட்டு. வகுப்பை விடாதே. பழைய பக்கங்களில் தேதி போட்டு ஒரு ஃபைலில் வை. பொங்கலுக்கு வரும்போது அதை எடுத்து வா, ஹார்மோனியத்தில் வாசித்துப் பார்க்கலாம்.

அன்புடன்,
மாமா