ஆர்க்கிடுச் செடிகள்

மாமரக் கிளைகளிலே தடித்த வேர்களை நாலவிட்டுத் தொற்றி வாழும் செடிகள் சிலவற்றை நம்மவர் புல்லுருவி எனக் கருதி வெட்டி எறிகின்றனர். அது பொருந்தாது. என்னை? புல்லுருவி தான் பற்றிய மரத்தினுள் வேரைச் செலுத்தி அதன் சாற்றை உண்பது. ஆர்க்கிடோ மரத்தினிடம் இருப்பிடம் ஒன்றையே வேண்டுவது. அதன் வேரைப் போர்த்துள்ள பஞ்சு போன்ற வெண்தோல் மழைநீரையும் பனித்துளியையும் உறிஞ்சிக் கொள்ளும். ஆதலின், இத்தகைய செடியை மண்ணிட்ட தொட்டியில் நட்டு நாடோறும் நீர் வார்ப்பார் அன்பினாலேயே அதனைக் கொல்லுகின்றனர். காற்றுப் புகாத வேர் அழுகிவிடும். கரித்துண்டும் தேங்காய் மட்டைத் துண்டும் இட்ட கலத்தில் வைத்து, வேர் உலர்ந்தபின் நீர் விடுதலே முறை.

ஆர்க்கிடின் வித்து கட்புலனுக்கு அரிதிற் புலனாகும் துகள். முளைக்குத் தாயுணவு அதனுள் இல்லை. காட்டில் காளானினத்து நுண்ணுயிர் ஒன்று வந்து ஊட்டினாலன்றி அது முளையாது. 1922 ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு லூயிஸ் நட்ஸன் என்பார், சருக்கரை கலந்த கூழில் அவ்வித்தை நுண்ணுயிர்த் துணையின்றியே முளைப்பிக்கலாமெனக் காட்டினார். இன்று பரிசுப் பொருளாகக் கடைகளில் விற்கும் பலனாப்ஸிஸ் செடிகள் ஒல்லாந்து, தைவான் முதலிய நாடுகளில் பெருந்தொகையாக வளர்க்கப்படுவன. அவற்றை வாங்கி வழங்குதலிற் குற்றமில்லை. ஆயின், திங்கள் இரண்டு மூன்று வாடாது நின்ற பூ உதிர்ந்தவுடன் செடி மாண்டதென்று குப்பையில் எறிகின்றார்களே, அதுதான் கொடுமை. பேணினால் அது மறுபடியும் பூக்கும்.

காட்டுச் செடியின் நிலை வேறு. பொதியில் என்றவுடன் தமிழ் பயில்வார்க்கு அகத்தியரும் சந்தனமும் நினைவுக்கு வருதல் இயல்பு. அந்த அகத்தியமலைத் தொடரிலே, 1865 ஆம் ஆண்டில் கர்னல் துருரி என்னும் ஆங்கிலேயர் ஓர் ஆர்க்கிடைக் கண்டார். பொன்மஞ்சள் இதழ், அதன் நடுவே கருஞ்செம்மைக் கோடு, கீழிதழ் பாதக்குறடு போற் குழிந்தது. அக்குழியில் விழுந்த பூச்சி, மகரந்தம் உள்ள குறுகிய வழியாலன்றி வெளியேற இயலாது. இவ்வினத்துப் பிற வகைகள் இமயச்சாரல் தொடங்கிக் கீழ்த்திசைத் தீவுகள்வரை வாழ, தென்னாட்டிற்கு உரியது இஃதொன்றே. இதன் அருமையே இதற்குப் பகையாயிற்று. செடி விரும்புவோர்க்கு விற்கும்பொருட்டு வணிகர் இதனை வேரோடு அகழ்ந்து கொண்டுபோயினர். வித்திலிருந்து பூக்கும் பருவம் எய்த ஆண்டுகள் பல வேண்டுதலின், பூத்தவற்றை எல்லாம் அகழ்ந்தபின் மலையில் எஞ்சுவது யாது? இப்பொழுது இது மிக அருகி அழிவின் விளிம்பில் நிற்கின்றது. காட்டில் எடுத்த இவ்வினச் செடிகளை வாணிகத்திற்காக நாடு கடத்துதலைப் பன்னாட்டு உடன்படிக்கை விலக்குகின்றது.

வாங்குவோர் காட்டுச் செடியை ஒருவாறு அறிந்துகொள்ளலாம். இலை கிழிந்தும் பூச்சி அரித்தும் இருக்கும், வேர் முறிந்திருக்கும், பாசியும் மரப்பட்டைத் துணுக்கும் ஒட்டியிருத்தலும் உண்டு. தோட்டத்தில் வளர்ந்ததோ வேர் கலத்தின் வடிவிலேயே சுருண்டு, இலை மாசின்றிக் காணப்படும்.