பழைய குடும்பப் படத்தில் நிற்கும் மோட்டார் வண்டி

தஞ்சைத் தரணியின் பழைய வீடுகளிற் கூடத்துச் சுவரில் மாட்டப்பெற்ற நிழற்படங்களுள், மோட்டார் வண்டியோடு கூடிய படம் ஒன்றை நம்மிற் பலர் கண்டிருத்தல் கூடும். வண்டி நடுவே நிற்கும். வீட்டுத் தலைவர் மட்கார்டின்மேற் கைவைத்து நிற்பார். பிள்ளைகளை மிதிபலகையின்மேல் ஏற்றி நிறுத்தியிருப்பர். அம்முகங்களுக்கு உரியவரைச் சொல்லவல்ல பெரியோர் மறைந்தபின், படத்தின் காலத்தை எவ்வாறு துணிவது? வண்டியைக் கொண்டு ஓரளவு துணியலாம் என்பதனை, எங்கள் குடும்பப் படம் ஒன்றை ஆராய்ந்தபொழுது யான் கற்றேன். அவ்வாராய்ச்சி இனிதாய் முடிந்ததென்று சொல்லமாட்டேன்.

இன்று திருவாரூர் மாவட்டத்தைச் சேர்ந்ததும் அன்று தஞ்சை ஜில்லாவில் அடங்கியதுமான நீடாமங்கலத்தினருகே, வெண்ணாற்றங்கரைச் சிற்றூர் ஒன்று எங்கள் முன்னோர் ஊர். அவ்வீட்டுப் படத்தில், திண்ணைக்கு முன்னர் ஒரு மோட்டார் வண்டியும், அதன் மிதிபலகைமேல் ஆறு வயது மதிக்கத்தக்க சிறுவன் ஒருவனும் காணப்படுவர். அவன் என் பாட்டனாரின் தமையனார் என்பது வீட்டுவழக்கு. அவர் காளயுக்தி வருஷம் ஐப்பசியில், அஃதாவது 1918-ல் உலகெங்கும் பரவிய விஷக்காய்ச்சலில், ஆறு வயதில் மாண்டவர். ஆண்டுதோறும் ஐப்பசியில் என் அத்தையார் அப்படத்திற்கு மாலையிட்டு விளக்கேற்றுவார். வண்டி 'போர்டு' என்றும், 1916-ல் வாங்கியதென்றும் அவர் தம் பாட்டியார் சொல்லக் கேட்டிருக்கிறார். படத்தின் பின்புறத்தில், 'மூத்தவன், 1918' என்று எழுதியுமிருந்தது.

முதலில் ஐயம் எழுப்பியது அவ்வெழுத்தே. அது பந்துமுனைப் பேனாவால் எழுதப்பட்டது. அவ்வகைப் பேனா அமெரிக்கக் கடைகளிலேயே 1945-ல்தான் விற்பனைக்கு வந்தது. ஆகவே அக்குறிப்பு கண்டவர் எழுதியதாகாமல், கேட்டவர் பின்னாளில் எழுதியதாகவும் இருக்கலாம்.

பின்னர் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு வண்டியை நோக்கினேன். இவ்வேலையில் முதற்கண் செய்யத்தக்கது, படம் இடவலம் மாறி அச்சிடப்பட்டதோ என்று பார்த்தல். நம் நாட்டில் ஓடிய வண்டிகளிற் சுக்கான் வலப்புறம் இருப்பதே பெருவழக்கு. இடப்புறம் தோன்றின் ஐயுறல் வேண்டும். எங்கள் படத்திற் சுக்கான் வலப்புறமே இருந்தது. எண்பலகையில் மங்கலாய்த் தெரிந்த இரண்டு இலக்கங்களும் நேராகவே இருந்தன. எண்பலகை தெளிவாயிருப்பின் பெரும் பேறு. 1939-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்திற்குப்பின் சென்னை மாகாணத்து வண்டிகள் எம்.எஸ்., எம்.டி. என்று தொடங்கும் எழுத்துக்களைப் பெற்றன. அவை காணப்படின் படம் அச்சட்டத்திற்குப் பிற்பட்டது. ஆனால் வண்டி அதற்கு முற்பட்டதாயும் இருக்கலாம். வண்டியின் வயது வேறு, படத்தின் வயது வேறு என்பதனை ஆராய்வோர் பலர் மறந்துவிடுகின்றனர்.

அடுத்து, வண்டியின் முகம். 1916-ல் வாங்கிய போர்டு என்றால் அது 'டி மாடல்' ஆதல் வேண்டும். 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி அளவில் செய்யப்பட்ட அவ்வண்டி, பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட நம் நாட்டிற்குப் பெரும்பாலும் கானடாவிலிருந்து வந்தது. 1916-ம் வருஷ மாடல் வரையில் அதன் ரேடியேட்டர் பித்தளையால் ஆயது. படத்தில் வெளுப்பாய் மின்னும். 1917-ம் வருஷ மாடல் முதல் அது கரிய உறை பூண்டது. டி மாடலுக்கு முன்சக்கரங்களிற் பிரேக் என்பது இறுதிவரை இல்லை. எங்கள் படத்து வண்டியிலோ, ரேடியேட்டரின் உச்சியில் ஒரு சிறு சின்னம் தெரிந்தது. முதலில் அதனைப் படத்தாளின் கறை என்றே எண்ணினேன். படத்தை வருடிக் கணினியிற் பெருக்கிப் பார்த்தபொழுது, துரைமார் கழுத்திற் கட்டும் பூமுடிச்சின் உருவம் வெளிப்பட்டது. அது செவர்லே வண்டியின் சின்னம், போர்டு அன்று.

இனி, சக்கரம். நம் மாட்டுவண்டியின் சக்கரத்தைக் குடம், ஆரக்கால், வட்டை என்று பிரித்தறிவோமன்றோ? அவ்வாறே மோட்டாரின் முன்சக்கரத்திலும் குடத்தின் உட்புறத்தைக் கூர்ந்து நோக்கினேன். அங்கே தட்டுப்போல் அகன்ற பிரேக் டிரம் நிழலாய்த் தெரிந்தது. விலைமிகுந்த வண்டிகள் சிலவற்றில் முன்பிரேக் முன்னரே உண்டு; ஆதலின் டிரம்மை மட்டும் கண்டு காலம் சொல்லுதல் தவறாகும். செவர்லே என்று துணிந்தபின்னரே அது சான்றாகும். செவர்லே வண்டிகளுக்கு முன்பிரேக் வந்தது 1928-ம் வருஷ மாடலில். அவ்வருஷத்திலேயே ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் பம்பாய் சேவ்ரியில் தொழிற்சாலை நிறுவி, உறுப்புக்களைக் கொணர்ந்து செவர்லே வண்டிகளைப் பூட்டத் தொடங்கினர். தரையினின்றும் உயர்ந்து நின்ற இவ்வகை அமெரிக்க வண்டிகள், மழைக்காலத்தில் ஆற்றங்கரைப் பாதைகளிற் செல்லத் தக்கனவாயிருந்தன.

ஆகவே 1918-ல் மாண்ட சிறுவன் அம்மிதிபலகையில் நின்றிருத்தல் இயலாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. வண்டி படத்தின் கீழெல்லையைக் காட்டுமேயன்றி மேலெல்லையைக் காட்டாது. பத்தாண்டு ஓடிய வண்டியின் முன்னும் படம் எடுக்கலாம். மேலெல்லைக்கு வேறு குறிகளைத் தேடல் வேண்டும். இரண்டாம் உலகப் போரிற் பெட்ரோல் பங்கீடு வந்தபின், கரிவாயு உண்டாக்கும் கொப்பரையைப் பின்புறத்திற் பூட்டிய வண்டிகள் ஓடின. விளக்குகளுக்கு முகமூடியும் இட்டனர். அவையொன்றும் எங்கள் படத்தில் இல்லை. ஆயினும் இல்லாமை வலிய சான்றாகாது.

ஆதலின் வீட்டுப் பேரேட்டை எடுத்தேன். செல்லரித்தது போக எஞ்சிய ஏடுகளில், விபவ வருஷம் மாசி மாதத்தில், 'பழைய மோட்டார் விற்ற வகையில் வரவு' என்றொரு வரி கிடைத்தது. விபவ என்பது 1928-29. முன்னர் போர்டு ஒன்று இருந்ததும், அதனை விற்றுப் புதியது வாங்கியதும், பழையதன் பெயரே புதியதற்கும் வீட்டில் வழங்கியதும் இதனால் ஒருவாறு விளங்குகின்றன. பாட்டியார் சொன்னது பொய்யன்று. அவர் சொன்ன வண்டி வேறு. அடுத்த வருஷங்களில் நெல் விலை பெரிதும் வீழ்ந்து, தஞ்சை மிராசுதார் பலர் கடனில் ஆழ்ந்தனர். பேரேட்டிலும் அதன்பின் மோட்டார் என்ற சொல்லே இல்லை.

என் பாட்டனார் ருத்ரோத்காரி வருஷத்தில், 1923-ல், பிறந்தவர். 1929-ல் அவருக்கு வயது ஆறு. அச்சிறுவன் அவரே என்று சொல்ல நா எழுகின்றது. ஆனால் வண்டி சொல்வது, அவன் யார் அல்லன் என்பது மட்டுமே. பங்காளி வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

இதனை அத்தையாரிடம் சொல்லாது சில மாதம் கழித்தேன். ஐப்பசி நெருங்கவே, மறைத்தல் தகாதென்று சொல்லிவிட்டேன். அவர் சினக்கவில்லை. கண்ணாடியை வாங்கிச் சக்கரத்தைப் பாராது சிறுவனையே நெடுநேரம் பார்த்தார். "அப்பா மாதிரித்தான் இருக்கு" என்றார். பின்னர், "அப்போ பெரியப்பாவுக்கு முகமே இல்லையாடா?" என்று கேட்டார். அதற்கு விடை என்னிடம் இல்லை. பெட்டிகளையெல்லாம் தேடினேன், வேறு படம் அகப்படவில்லை.

பின்புறத்து எழுத்தை அழிக்க அவர் ஒப்பவில்லை. அதன் கீழே, 'வண்டி செவர்லே. படம் 1928-க்கு முற்பட்டதன்று' என்று பென்சிலால் எழுதிக்கொள்ள மட்டும் இசைந்தார். அவ்வாண்டும் ஐப்பசியில் மாலையிட்டு விளக்கேற்றினார். எவரை நினைத்து என்று யான் கேட்கவில்லை.